இடது முன் டயருக்கு மட்டும் ஏன் 46? ட்ராக்ல டயர் பிரஷர் தேடின முழு கதை

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்ல முதல் செஷன் முடிஞ்சு தம்பி பிட்டுக்குள்ள, அதாவது காரை நிறுத்தி வேலை பாக்குற இடத்துக்கு, வந்து நின்னதும் நான் பிரஷர் அளக்கிற கேஜ் எடுத்துட்டு ஓடினேன், டயர் ஆறுறதுக்குள்ள நாலையும் அளந்தாகணும். வலது முன் டயர் 41.5, பின்னாடி ரெண்டும் 38 பக்கம், இடது முன் டயர் 46. காலைல நாலுக்கும் சரியா 33 வச்சு அனுப்பிருந்தோம். ஒரே கார், ஒரே கம்பெனி டயர், ஒரே நாள்ல வாங்கினது, அதுல ஒண்ணு மட்டும் 13 பிஎஸ்ஐ (டயர் காத்து அழுத்தத்தை அளக்கிற அலகு) ஏறி வந்து நிக்குது. இந்த ஒரு நம்பருக்குப் பின்னாடி நாங்க ஒரு நாள் முழுக்க அலைஞ்சோம், அதுக்கப்புறம் இன்னொரு ட்ராக் டே போய்தான் காருக்கு சரியான பிரஷர் எதுன்னு கண்டுபிடிச்சோம். ரெண்டு நாளும் நடந்ததை நோட்ல எழுதின வரிசையிலயே சொல்றேன், ஏன்னா நாங்க எடுத்த தப்பான முடிவுங்க கூட படிக்கிறவங்களுக்கு உதவும்.

காரைப் பத்தி கொஞ்சம். சித்தப்பா பையனோட போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைசக்தி, எஞ்சின்ல எதுவும் மாத்தல. பிரேக் பேட், பிரேக் ஆயில், 15 இன்ச் அலாய்ல 195/55 சைஸ் டயர், இது மட்டும்தான் மாத்தினது. டயர் தெருவுல ஓட்டுற சாதாரண டயர்தான், ரேஸ் டயர் கிடையாது. சஸ்பென்ஷன் கம்பெனி கொடுத்தபடியே இருக்கு, அதனால முன் சக்கரத்தோட கேம்பர், அதாவது சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ஞ்சு நிக்கிற கோணம், கம்மி, சக்கரம் கிட்டத்தட்ட நேரா நிக்கும், இது பின்னாடி முக்கியமா வரும். ட்ராக் உங்களுக்குத் தெரிஞ்சதுதான், சென்னை பெங்களூர் ஹைவேல ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னாடி, 1990ல திறந்தது, ஒரு ரவுண்டு 3.717 கிலோமீட்டர், 12 வளைவு. கடிகார முள் சுத்துற திசையில ஓட்டுறதால வலது பக்கம் திரும்புறதுதான் அதிகம், அப்போ எடை சாயுறது இடது பக்க டயருங்க மேல. மெயின் ஸ்ட்ரெய்ட் முடிவுல வர்ற சி1, அதாவது முதல் வளைவு, வேகமான வலது வளைவு, அங்க இடது முன் டயர் படுற பாட்டை டிவைடர் ரோட்ல எவ்ளோ வேகமா ஓட்டினாலும் புரிஞ்சிக்க முடியாது.

எதுக்கு சூடான பிரஷரை இவ்ளோ பாக்கணும்னு புதுசா வர்றவங்க கேப்பாங்க. டயருக்குள்ள இருக்கிற காத்து சூடானா விரிய இடம் கிடையாது, அதனால பிரஷர் ஏறும். ஏறுற அளவு கணக்கு போட்டாலே வரும், ஆனா ரெண்டு விஷயம் மறக்கக்கூடாது, கேஜ் காட்டுற நம்பரோட வெளிக்காத்து அழுத்தம் 14.7 சேத்துக்கணும், டிகிரியோட 273 சேத்துக்கணும். 25 டிகிரில 33 வச்சா உண்மையில அது 47.7. உள்ள இருக்கிற காத்து 78 டிகிரிக்கு போச்சுன்னா 47.7ஐ 351ஆல பெருக்கி 298ஆல வகுங்க, 56.2 வரும், 14.7 கழிச்சா 41.5. நோட்ல நான் எழுதின வலது முன் டயர் நம்பர் அப்படியே வருது பாருங்க. சுருக்கமா ஞாபகம் வச்சுக்கணும்னா 6, 7 டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ. டயர் ரோட்டை பிடிக்கிறது அந்த 41.5ல இருக்கும்போதுதான், காலைல நீங்க வச்ச 33 அப்போ எங்கயுமே இல்ல. அதனால தேட வேண்டியது சூடான நம்பரை, அதுக்கு ஏத்தமாதிரி காலைல என்ன வைக்கணும்னு பின்னோக்கி வரணும்.

சரி, கதைக்கு வரேன். தம்பி ஹெல்மெட்டைக் கழட்டிட்டு சொன்ன முதல் வார்த்தை, "அண்ணா, மூணாவது ரவுண்டுக்கு மேல முன்னாடி பிடிக்கவே மாட்டேங்குது, ஸ்டியரிங் திருப்பினா நேரா போகுது." பிரஷர் ஏறிப்போன முன் டயர் செய்யுற வேலை அதுதான். டயர் பலூன் மாதிரி நடுவுல உப்பி, ரோட்டைத் தொடுற பரப்பு குறையும், வழுக்க ஆரம்பிக்கும், வழுக்கினா மேல்தோல் இன்னும் சூடாகும், சூடானா பிரஷர் இன்னும் ஏறும். நாங்க உடனே முன்னாடி ரெண்டையும் 36க்கு இறக்கினோம். இடது டயர் 46 வந்ததுக்கு எங்ககிட்ட விளக்கம் ரெடியா இருந்தது, இடது பக்கம் லோடு அதிகம், சி1ல அடி வாங்குது, அதான் சூடு அதிகம்னு. யோசிச்சுப் பாத்தா அந்த விளக்கம் அப்பவே கணக்குக்கு ஒத்து வரல. 33ல இருந்து 46 போகணும்னா உள்காத்து 106 டிகிரி வரை சூடாகணும், பக்கத்து டயர் 78ல இருக்கும்போது இது 106ல இருக்க வழியே இல்ல, கையை வச்சுப் பாத்தப்பவும் ரெண்டு டயருக்கும் பெரிய வித்தியாசம் தெரியல. விளக்கம் கைல ரெடியா இருந்ததால கணக்கு போட்டுப் பாக்கணும்னு அப்போ தோணல.

அடுத்த செஷனுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. வெயில் ஏறி 34 டிகிரி ஆச்சு. கிளம்புறதுக்கு முன்னாடி திரும்ப அளந்தேன். வலது முன் டயர் 29.5. இடது 26.5. ரெண்டையும் சூடா இருக்கும்போது ஒரே 36லதான் வச்சோம், ஆறினதும் மூணு பிஎஸ்ஐ வித்தியாசம். இப்போ எங்க சந்தேகம் வேற பக்கம் போச்சு, ஸ்லோ பஞ்சர்னு முடிவே பண்ணிட்டோம். அதுக்குக் காரணமும் இருந்தது, அந்த சக்கரத்துல ஒரு வாரத்துக்கு முன்னாடிதான் ஆணி ஏறி, ரோட்டோரக் கடைல டயரைக் கழட்டி உள்பக்கம் பேட்ச் போட்டு மாட்டியிருந்தாங்க. சோப்புத் தண்ணி கலக்கி பேட்ச் போட்ட இடம், வால்வு, ரிம் ஓரம் சுத்தி ஊத்தி உக்காந்து பாத்தோம், ஒரு குமிழி கூட வரல. வால்வு பின்னை எதுக்கும் இருக்கட்டும்னு புதுசா மாத்தினோம், 29.5க்கு காத்து அடிச்சோம், அனுப்பினோம். திரும்பி வந்தப்போ வலது 36, இடது 40.

இங்கதான் உண்மையிலயே குழம்பினேன். காத்து லீக் ஆகுற டயர் சூடானா குறைவா காட்டணும். இது ஆறினா மத்ததைவிட குறையுது, சூடானா மத்ததைவிட ஏறுது. பஞ்சர்னு சொன்னா பாதி கணக்குதான் ஒத்து வருது, லோடு அதிகம்னு சொன்னா இன்னொரு பாதிதான் ஒத்து வருது.

பக்கத்து பிட்ல ஒரு அண்ணன் இருந்தாரு, பல வருஷமா ரேஸ் கார்ல வேலை பாக்குறவர், அன்னிக்கு வேற ஒரு காரோட வந்திருந்தாரு. நோட்டை நீட்டினேன். நம்பரை ரெண்டு நிமிஷம் பாத்தாரு, எதுவும் விளக்கம் சொல்லல, "தம்பி, அந்த வீலைக் கழட்டி பின்னாடி போடு, பின்னாடி இருக்கிறதை முன்னாடி போடு, நாலுலயும் ஒரே பிரஷர் வை, ஓட்டிட்டு வா. பிரச்சனை காரோட இடத்துல இருக்கா, வீலோடயே போகுதான்னு முதல்ல பாரு, அப்புறம் பேசலாம்"னாரு. இவ்ளோ எளிமையான சோதனை எங்களுக்கு ஏன் தோணலன்னு இன்னிக்கும் நினைச்சுப் பாக்குறேன். ஒரே பக்கத்துல முன்னையும் பின்னையும் மாத்துறதால டயர் சுத்துற திசை மாறாது, அதனால சிக்கல் இல்ல. இடது பக்கம் முன்னையும் பின்னையும் மாத்தி, நாலுக்கும் 30 வச்சு அனுப்பினோம்.

திரும்பி வந்த நம்பர் இது. இடது முன் 37, வலது முன் 36.5. அதாவது இடது பக்கம் லோடு அதிகம்ங்கிறது உண்மைதான், ஆனா அதோட மதிப்பு வெறும் அரை பிஎஸ்ஐ. வலது பின் 34. இடது பின், அதாவது பஞ்சர் கடை போய்ட்டு வந்த வீல், 36.5. பிரச்சனை வீலோடயே பின்னாடி போயிடுச்சு. அண்ணன் நம்பரைப் பாத்துட்டு சிரிச்சாரு, "உள்ள தண்ணி இருக்கு"ன்னாரு.

சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு டயர் கடைல அந்த வீலைக் குடுத்தோம். காத்தை முழுசா விட்டு, மெஷின்ல பீட்டை, அதாவது ரிம்மோட ஒட்டி உக்காந்திருக்கிற டயர் ஓரத்தை, விடுவிச்சு, டயரோட ஒரு உதட்டை ரிம்ல இருந்து தூக்கினதும் நான் மொபைல் டார்ச் அடிச்சு எட்டிப் பாத்தேன். உள்பக்கம் கறுப்பு ரப்பர் மேல வியர்த்த மாதிரி பொடிப் பொடியா நீர்த்துளி, அடியில வெள்ளையா கலங்கின தண்ணி ஒரு கோடா தேங்கி நின்னுது, விரல் வச்சா வழவழன்னு சோப்பு. டயரைச் சாய்ச்சு டீ கிளாஸ்ல வடிச்சோம், அடி மறைஞ்சும் மறையாமலும் ஒரு டீஸ்பூன் இருக்கும், அவ்ளோதான். பேட்ச் போட்டு திரும்ப மாட்டும்போது பீட் வழுக்கி உக்காரணும்னு சோப்புத் தண்ணி அள்ளிப் பூசியிருக்காங்க, துடைக்காம காத்தை அடிச்சு மூடிட்டாங்க. கம்ப்ரசர் டேங்க்ல தேங்கின தண்ணி காத்தோட சேந்து வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு, நம்ம ஊர் ஈரப்பதத்துல டேங்க்ல தண்ணி சேராம இருக்காது, அடியில இருக்கிற குழாயைத் திறந்து அப்பப்போ வடிக்கணும்.

ஒரு டீஸ்பூன் தண்ணி நாலு பிஎஸ்ஐ ஏத்துமான்னு எனக்கே நம்பிக்கை வரல, வீட்டுக்கு வந்து கணக்கு போட்டேன். இந்த சைஸ் டயருக்குள்ள தோராயமா 28 லிட்டர் இடம். 5 கிராம் தண்ணி 80 டிகிரி சூட்டுல முழுசா ஆவியானா அந்த 28 லிட்டருக்குள்ள அது கொடுக்கிற அழுத்தம் சுமார் 4 பிஎஸ்ஐ. காத்து மட்டும் இருந்தா 42, அதோட 4 சேத்தா 46, நாங்க அளந்த நம்பர். ஆறினதும் ஆவி திரும்ப தண்ணியா மாறிடும், அந்த 4 காணாம போயிடும், அதான் 26.5. நாங்க சூட்டுல 46ல இருந்து 36க்கு இறக்கினப்போ வெளிய விட்டது பெரும்பாலும் காத்து, உள்ள மிச்சம் நின்ன 36ல கிட்டத்தட்ட 4 ஆவியோடது. பின்னாடி மாத்தினப்போ வித்தியாசம் நாலுக்குப் பதிலா ரெண்டரைதான் வந்ததுக்கும் இதுலயே பதில் இருக்கு, இந்தக் கார்ல பின் டயர் 60 டிகிரிதான் போகுது, அந்த சூட்டுல 28 லிட்டர் இடத்துல 5 கிராம் தண்ணியும் ஆவியா நிக்க முடியாது, கொஞ்சம் தண்ணியாவே கிடக்கும். எல்லா நம்பரும் ஒண்ணோட ஒண்ணு வந்து பொருந்தினப்போ வந்த நிம்மதி இருக்கே, லேப் டைம் குறைஞ்சா கூட அப்படி வராது.

நைட்ரஜன் பத்தி இங்க சொல்லியாகணும், ஏன்னா எல்லாரும் கேக்குறாங்க. நைட்ரஜன் சூட்டுல விரியாதுன்னு பெட்ரோல் பங்க்ல சொல்லுவாங்க, அது தப்பு, விரியும், சாதாரண காத்து எவ்ளோ ஏறுமோ அவ்ளோவேதான் ஏறும், நாம மூச்சு விடுற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சிலிண்டர்ல வர்ற நைட்ரஜன்ல ஈரம் இருக்காது, பிரயோஜனம் அது ஒண்ணுதான், ஆனா ட்ராக்குக்கு அது பெரிய பிரயோஜனம். ஒரு தடவை அடிச்சு விட்டா போதாது. டயர்ல ஏற்கனவே இருக்கிற ஈரக் காத்து போகணும், 30 வரை நிரப்பி முழுசா விட்டா மூணுல ஒரு பங்கு பழசு உள்ள தங்கும், மூணு தடவை அப்படி செஞ்சா பழசு 4 சதவீதத்துக்குக் கீழ வந்துடும். தேங்கின தண்ணி இப்படி போகாது, அதுக்கு டயரைக் கழட்டித் துடைச்சே ஆகணும். நாங்க நாலையும் கழட்டி, துணியால துடைச்சு, வெயில்ல ஒரு மணி நேரம் காயவச்சு, மூணு தடவை நிரப்பி விட்டு, அப்புறம் மாட்டினோம்.

அடுத்த மாசம் திரும்ப போனோம், இந்த தடவை தேட வேண்டியது ஒண்ணே ஒண்ணு, இந்தக் காருக்கு எந்த சூடான பிரஷர் நல்லது. எடுத்துட்டு போனது காத்தைக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடுற ப்ளீட் பட்டன் வச்ச ஒரு டயல் கேஜ், அண்ணன்கிட்ட இரவல் வாங்கின ஊசி வச்ச டெம்பரேச்சர் மீட்டர், ஒரு டப்பா வெள்ளை சாக்பீஸ், ஒரு சின்ன கம்ப்ரசர், நோட்டு. கேஜ் விஷயத்துல ஒரே பிடிவாதம், ரெண்டு நாளும் ஒரே கேஜ்தான். வர்ற வழியில பெட்ரோல் பங்க் மெஷின் 33னு காட்டினதை எங்க கேஜ் 30.5னு காட்டிச்சு, எது சரின்னு சண்டை போடத் தேவையில்ல, ஒரே கேஜ்ல எல்லாம் அளந்தா நம்பருக்குள்ள ஒப்பிடலாம். இன்னொண்ணு, வெயில். கார் பிட்ல நிக்கும்போது ஒரு பக்க டயர்ல வெயில் அடிச்சா அந்த ரெண்டும் ஓடாமலேயே ரெண்டு பிஎஸ்ஐ கூட காட்டும், ஆறின நம்பர்னு அதை நம்பி குறைச்சிடுவோம், அதனால நிழல்ல நிறுத்தினோம், நிழல் கிடைக்காத நேரத்துல பழைய பெட்ஷீட்டை டயர் மேல தொங்க விட்டோம்.

சூடு தெரியாத பிரஷர் நம்பருக்கு அர்த்தமே கிடையாதுங்கிறதுக்கு பெரிய உதாரணம் ஃபார்முலா ஒன்லயே இருக்கு. 2015 மோன்சா ரேஸ்ல ஸ்டார்ட்டுக்கு முன்னாடி கிரிட்ல அளந்தப்போ ஹாமில்டனோட இடது பின் டயர், டயர் கம்பெனி பிரெல்லி சொன்ன குறைந்தபட்ச அளவான 19.5ஐவிட 0.3 பிஎஸ்ஐ கம்மி, ரோஸ்பெர்க்கோடது 1.1 கம்மி. ஜெயிச்ச ஹாமில்டனோட வெற்றியே போயிடுமோன்னு அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் பேச்சு. விசாரிச்சு நடவடிக்கை இல்லன்னு விட்டுட்டாங்க, ஏன்னா அளந்த நேரத்துல டயர் சூடாக்குற போர்வை இணைப்பைத் துண்டிச்சு டயர் ஆறியிருந்தது, டீம் பிரஷர் வச்சப்போ அளவு சரியாத்தான் இருந்தது. அவ்ளோ பெரிய இடத்துலயே எந்த சூட்டுல அளந்தோம்ங்கிற கேள்விதான் கடைசியில முடிவைத் தீர்மானிச்சது.

முறை இதுதான். எப்பவும் மேல இருந்து கீழ இறங்கணும். மூணு ரவுண்டு ஓட்டி டயரை நல்லா சூடாக்கிட்டு உள்ள வா, முன் ரெண்டையும் 40க்கு சமமாக்கு, நாலு ரவுண்டு ஓட்டு, வந்து அளந்து 38, அப்புறம் 36, இப்படி. ஒவ்வொரு தடவையும் டயரோட உள் ஓரம், நடு, வெளி ஓரம்னு மூணு இடத்துல ஊசியைக் குத்தி சூடு எடுத்தோம், தொடாம மேல்பரப்பை மட்டும் அளக்கிற இன்ஃப்ராரெட் மீட்டர் வேண்டாம், பிட்டுக்குள்ள மெதுவா வரும்போதே மேல்தோல் ஆறிடும், ரப்பருக்குள்ள இருக்கிற சூடுதான் உண்மை சொல்லும். தம்பிகிட்ட ஒரே நிபந்தனை, கடைசி ரவுண்டுல மெதுவா ஆறவிட்டு வராதே, நேரா உள்ள வந்து நிறுத்து, ஹேண்ட்பிரேக் மட்டும் போடாதே.

40ல இடது முன் டயர் உள் ஓரம் 70, நடு 84, வெளி ஓரம் 85. வெளி ஓரம் சூடா இருக்கிறதுக்குக் காரணம் கேம்பர், சக்கரம் நேரா நிக்கிறதால வளைவுல கார் சாயும்போது டயர் வெளி ஓரத்துல நடக்குது, காத்தைக் கூட்டினாலும் குறைச்சாலும் அதை முழுசா சரி பண்ண முடியாது. பாக்க வேண்டியது நடு. ரெண்டு ஓரத்தோட சராசரி 77.5, நடு அதைவிட ஆறரை டிகிரி அதிகம், அப்போ நடு உப்பியிருக்கு. 36ல உள் 72, நடு 80, வெளி 87. சராசரி 79.5, நடு அதோட கிட்டத்தட்ட ஒண்ணு. தம்பி காரை விட்டு இறங்கி, நான் நம்பர் சொல்றதுக்கு முன்னாடியே, "இதுதான்ணா, சி2க்கு பிரேக்கை விட்டு திருப்பினா உடனே திரும்புது"ன்னான், 38ல ஓட்டினதைவிட அரை செகண்டுக்கு மேல குறைஞ்சிருந்தது.

34ல ஒரு பொறி இருக்கு, சொல்லிடறேன். முதல் ரவுண்டு 36 மாதிரியே நேரம் வந்தது, தம்பிக்கு இன்னும் பிடிச்சது, மெத்துன்னு இருக்குன்னான். ஆனா மூணாவது ரவுண்டுல இருந்து நேரம் கூட ஆரம்பிச்சது, ஸ்டியரிங்ல கொஞ்சம் தாமதம். ஒரே ஒரு வேகமான ரவுண்டைப் பாத்து முடிவு எடுத்திருந்தா 34னு எழுதிட்டு வந்திருப்போம். 32ல ஒரே செஷன்ல தெளிவாயிடுச்சு. உள் 74, நடு 77, வெளி 95. டயர் தோள்பட்டைல சின்ன முக்கோணக் குறி ஒண்ணு இருக்கும், டயர் எவ்ளோ தூரம் மடியலாம்னு பாக்க நல்ல அடையாளம், நாங்க அந்தக் குறியைச் சுத்தி ஓரத்துல இருந்து பக்கச்சுவர் வரைக்கும் சாக்பீஸ்ல பட்டையா கோடு போட்டு அனுப்பியிருந்தோம். 36ல சாக்பீஸ் முக்கோணத்தோட நுனி வரைக்கும் அழிஞ்சிருந்தது. 32ல முக்கோணத்தையும் தாண்டி பக்கச்சுவர்ல ஒரு விரல் அகலத்துக்கு அழிஞ்சு, வெளி ஓரத்துல ரப்பர் சின்னச் சின்ன சுருளா உரிஞ்சு நின்னுது, கையால தொட்டா மணல்தாள் மாதிரி. கார் டயரோட பக்கச்சுவர்ல நடந்திருக்கு. அதோட நிறுத்திட்டோம், அதுக்குக் கீழ போறதை நான் விடல.

காத்து கம்மியா இருந்தா பிடிப்பு அதிகம்னு ட்ராக்ல நிறைய பேர் சொல்லுவாங்க, 24, 25ல ஆரம்பிக்கிறவங்களைப் பாத்திருக்கேன், எனக்கு அதைப் பாத்தா உண்மையிலயே பயமா இருக்கும். காத்து குறைஞ்சா பக்கச்சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடிஞ்சு நிமிருது, அந்த மடிப்புலதான் சூடு உருவாகி உள்ள இருக்கிற இழைகளைப் பிரிக்கும், வெளிய எதுவும் தெரியாது. 2013 ஜூன் 30, சில்வர்ஸ்டோன் ஃபார்முலா ஒன் ரேஸ்ல ஹாமில்டன், மாசா, வெர்ன், பெரெஸ்னு ஒருத்தர் பின்னாடி ஒருத்தருக்கு இடது பின் டயர் வேகத்துல கிழிஞ்சது. அதுக்கு அப்புறம் பிரெல்லி சொன்ன காரணங்கள்ல இடம் மாத்தி மாட்டின பின் டயருங்க, அளவுக்கு மீறின கேம்பர், ட்ராக் ஓர கெர்போட மோதல், இதோட சொன்னதைவிட குறைச்சு வச்ச பிரஷரும் ஒண்ணு. அவங்க காரைச் சுத்தி நூறு இன்ஜினியர் இருந்தாங்க, நம்ம காரைச் சுத்தி நானும் ஒரு சாக்பீஸ் டப்பாவும்தான்.

பின் டயருக்கு நாங்க ரொம்ப நேரம் செலவு பண்ணல. முன் சக்கரம் இழுக்கிற கார்ல பின்னாடி கொஞ்சம் கூட வச்சா வால் லேசாகி கார் சுலபமா திரும்பும்னு ஒரு வழக்கம் உண்டு, 39 வச்சுப் பாத்தோம், மெதுவான வளைவுல அருமையா திரும்பிச்சு. ஆனா சி1ல தம்பி முன்னாடி ஒரு காரைப் பாத்து ஆக்ஸிலேட்டரை லேசா விட்டிருக்கான், வால் அசைஞ்சிருக்கு. அவன் அதை சாதாரணமாத்தான் சொன்னான், நான் உடனே 37க்கு இறக்கிட்டேன். அந்த வேகத்துல அந்த இடத்துல கால் செகண்டுக்காக வாலை லேசாக்கறது எனக்கு சம்மதம் இல்ல.

இப்போ சூடான இலக்கு தெரிஞ்சு போச்சு, முன்னாடி 36, பின்னாடி 37. இதுல இருந்து பின்னோக்கி வந்தா, காலைல 28 டிகிரில இடது முன் 28, வலது முன் 28.5, பின்னாடி 32. மதியம் 35 டிகிரில எல்லாத்துக்கும் ஒண்ணு கூட, 29, 29.5, 33. மதியம் கூட வைக்கிறதா குறைக்கிறதான்னு தம்பி குழம்பினான், ரொம்ப பேர் குழம்புற இடம்தான் இது. 35 டிகிரில நிக்கிற டயருக்குள்ள காத்து ஏற்கனவே கொஞ்சம் சூடாகி இருக்கு, இன்னும் ஏற வேண்டிய தூரம் கம்மி, அதனால ஆரம்ப நம்பர் கொஞ்சம் கூடத்தான் இருக்கணும். காலைல வச்ச காத்தைத் தொடவே இல்லன்னா மதியம் அளக்கும்போது அது தானாவே 29க்கு வந்து நிக்கும், அதைப் பாத்து ஏறிப்போச்சுன்னு இறக்கிடக்கூடாது.

28ல கிளம்புற முதல் ரெண்டு ரவுண்டு தனி கவனம் வேணும். அப்போ டயர் ஆறித்தான் இருக்கு, பிரஷரும் கம்மி, அந்த நேரத்துல வேகமா வளைச்சா 32ல நடந்த அதே சேதம்தான் நடக்கும். தம்பி அந்த ரெண்டு ரவுண்டுல நேர் ரோட்ல நல்லா ஓட்டுவான், பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா அழுத்தி சூடேத்துவான், வளைவுல மட்டும் பொறுமை.

சாயங்காலம் அஞ்சரைக்கு எல்லாம் முடிஞ்சது. அரை மணி நேரம் டீ குடிச்சுட்டு டயர் ஆறுறதுக்குக் காத்திருந்தோம், அளந்தா முன்னாடி 30, அப்படியே ஹைவேல ஏறினா வீடு போறதுக்குள்ள இன்னும் ஆறி இறங்கிடும், லாரிக்கு நடுவுல நாலு பேரோட போற ரோட்டுக்கு அது பத்தாது. கம்ப்ரசரை டிக்கியில இருந்து எடுத்து லைட்டர் சாக்கெட்ல சொருகி நாலுக்கும் 33 அடிச்சோம், அதுக்கு முன்னாடி அதோட ஹோஸை நிலத்தைப் பாத்து புடிச்சு கொஞ்ச நேரம் வெறுமனே ஓட விட்டு, ஈரம் எதுவும் தெறிக்கலன்னு உள்ளங்கைல வச்சுப் பாத்துக்கிட்டோம். தம்பி நோட்டுல அன்னிக்கு தேதிக்குக் கீழ கடைசி வரி எழுதினான், இடது முன் 36, வலது முன் 36, நடு சூடு 80.